நோட்டின் நடுவே ஒரு கோடு

(திருவள்ளூர் மாவட்டத்தில் பணியிடைப் பயிற்சி அளிக்கவிருக்கும் கருத்தாளர்களிடையே பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் 'மானிடவியல்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது எந்தப் பாடத்துல வருது?" என்று காலையில் தேநீர் நேரத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பி.எட். படித்தபோது கல்வி உளவியல் படித்தோம். கல்விச் சமூகவியல் ஓர் அலகாக வந்தது. மானிடவியல் வரவே இல்லை. எனக்கும் அதில் பட்டம் கிடையாது, நான் பி.ஏ. வரலாறு, பி.எட். எங்கள் ஒன்றியத்தில் பணியில் இருக்கும் ஆசிரியர்களுடன் நான்கு சனிக்கிழமைகள் உட்கார்ந்து, இந்தத் துறையிலிருந்து நமக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்தோம். அந்த அனுபவத்தைச் சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். நாளை நீங்கள் இதை உங்கள் ஒன்றியத்தில் நடத்தப் போகிறீர்கள். ஆகவே நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

நம் மாவட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழவேற்காட்டுப் பக்கம் மீனவர் பிள்ளைகள், இருளர் பிள்ளைகள். வடக்கே ஆந்திர எல்லையில் வீட்டில் தெலுங்கு பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள். மழை முடிந்ததும் செங்கற்சூளைக்கு வரும் ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள். ஆனி பிறப்பதற்குள் அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். 30 பேர் உள்ள வகுப்பில் மூன்று, நான்கு விதமான வீடுகள். இதைத்தான் 'பல்பண்பாட்டுக் கல்வி' என்று பயிற்சிக் கட்டகம் சொல்கிறது. கட்டகத்துக்கு அது ஒரு தலைப்பு, நமக்கு அது திங்கட்கிழமை காலை முதல் பாடவேளை.

முதல் சனிக்கிழமை என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் ஒருவர் கையைத் தூக்குவார். "எங்க ஸ்கூல்ல இருளர் பசங்க 11 பேர் இருக்காங்க. அவங்க பழக்கவழக்கம் எப்படின்னு ஒரு குறிப்பு மாதிரி குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்." நல்ல எண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி அது. ஆனாலும் அந்தக் குறிப்பைக் கொடுக்காதீர்கள். நான் கொடுக்கவில்லை.

காரணம் உண்டு. இன்னின்ன சாதிக்கு இன்னின்ன குணம் என்று பட்டியல் போடும் வேலையை இந்தத் துறை ஏற்கெனவே ஒரு முறை செய்து பார்த்திருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ஆட்களை நிற்க வைத்து மூக்கின் நீள அகலத்தையும் தலையின் நீள அகலத்தையும் அளந்தவர் அவர். அதே காலத்தில்தான், 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குலத்தை வைத்தே ஒருவனைக் குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதலாம் என்றது அந்தச் சட்டம். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இன்றும் நடக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் பெயரில் அந்தக் காலத்தின் நிழல் இருக்கிறது. நமக்கும் பதிவேட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டல்லவா? 'இந்தப் பசங்களுக்குக் கணக்கு வராது' என்று ஆசிரியர் அறையில் சொல்லப்படும் ஒரு வாக்கியம் எந்த அரசிதழிலும் வராது. பிள்ளையின் பின்னாலேயே எட்டாம் வகுப்பு வரை வரும்.

இதே துறையில் வேறு ஒரு வழியும் இருந்தது. அனந்தகிருஷ்ண ஐயர் பாலக்காட்டுக்காரர், ஆசிரியர் தொழில் பார்த்தவர். 1902இல் கொச்சி சமஸ்தானம் தன் குடிமக்களைப் பற்றிய கணக்கெடுப்பை அவரிடம் ஒப்படைத்தது. யாரிடமும் மானிடவியல் பாடம் கேட்காமல் தானாகவே கற்றுக்கொண்டு, காடு மலை ஏறிப் போய்ப் பார்த்து எழுதினார். பின்னாளில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். அவர் எழுதியதிலும் அந்தக் காலத்தின் குறைகள் உண்டு. ஆனால் நம் தொழில் பார்த்த ஒருவர் இந்த வேலையைத் தொடங்க முடிந்தது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, குறிப்பு கொடுக்கக் கூடாது என்றால் என்ன கொடுப்பது? ஒரு 80 பக்க நோட்டு.

முதல் பயிற்சியை நாங்கள் இருளர் குடியிருப்பில் வைக்கவில்லை. அவரவர் பள்ளியிலேயே வைத்தோம். எங்கிருந்தோ வந்த, பள்ளிக்கூடம் என்ற ஒன்றையே பார்த்திராத ஓர் ஆள் போல 20 நிமிடம் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். அடுத்த வாரம் வாசித்தபோது சிரிப்பு அடங்கவில்லை. "பெரியவர் ஒருவர் உள்ளே வந்ததும் எல்லாச் சிறியவர்களும் எழுந்து ஒரே ராகத்தில் எதையோ பாடுகிறார்கள். அவர் கையை அசைத்ததும் உட்காருகிறார்கள்." காலை வணக்கம்தான் அது! இன்னொருவர் எழுதியது: "பெரியவர் அரை மணிக்குள் 14 முறை 'புரிஞ்சுதா' என்று கேட்டார். 14 முறையும் 'புரிஞ்சுது' என்று பதில் வந்தது. 'புரியல' என்று ஒருவரும் சொல்லவில்லை."

சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு டீச்சர் கேட்டார்: "அவருக்கு விடை தெரியுமில்ல? தெரிஞ்சுக்கிட்டே ஏன் பசங்களைக் கேக்கறாரு?" வெளியூர் ஆளாக நடித்துக்கொண்டே கேட்டார். இரண்டாவது சனிக்கிழமை முழுவதும் அந்தக் கேள்வியிலேயே போய்விட்டது.

ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற அமெரிக்க ஆய்வாளரும் இதே கேள்வியில்தான் வந்து நின்றார். அமெரிக்காவின் தென்பகுதியில், கரோலினா மாநிலங்களில், வெள்ளையர் பள்ளி கறுப்பர் பள்ளி என்ற பிரிவினை நீங்கி எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காரத் தொடங்கிய காலம் அது. அவரிடம் கல்லூரியில் படிக்க வந்தவர்களில் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் பலர். 'இந்தப் பிள்ளைகள் ஏன் எளிய கேள்விக்குக்கூட வாய் திறப்பதில்லை?' என்பது அவர்களுடைய கேள்வி. ஹீத் 1969 முதல் 1978 வரை, நூற்பாலைத் தொழிலாளர்கள் வாழும் இரண்டு குடியிருப்புகளுக்குத் திரும்பத் திரும்பப் போய், பிள்ளைகளிடம் பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வந்தார். ஒன்று வெள்ளையர் குடியிருப்பு, மற்றது கறுப்பர் குடியிருப்பு. நடுவில் சில மைல் தூரம்தான். 1983இல் அது நூலாக வந்தது.

கறுப்பர் குடியிருப்பில் அவர் கண்டது இது. தனக்கே விடை தெரிந்த கேள்வியை அங்கே பெரியவர்கள் குழந்தையிடம் பெரும்பாலும் கேட்பதில்லை. 'இது என்ன நிறம்?' 'இதன் பெயர் என்ன?' இதெல்லாம் கிடையாது. அவர்கள் கேட்டது வேறு மாதிரி: 'இது எதைப் போல இருக்கு?' 'என்ன நடந்துச்சு?' அப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை, வகுப்பில் டீச்சர் சிவப்புப் பந்தைக் காட்டி 'இது என்ன நிறம்?' என்றால், 'இவங்களுக்குத் தெரியாதா என்ன?' என்று பார்த்துக்கொண்டு நிற்கும். டீச்சர் குறிப்பேட்டில் எழுதுவார்: நிறங்கள் தெரியவில்லை.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையின் முன் பழத்தைப் பிடித்துக்கொண்டு 'இது என்ன சொல்லு, சொல்லு' என்று கேட்பது எல்லா வீட்டிலும் உண்டா? நம் வீட்டில் உண்டு. நாம் வாத்தியார்கள், பழத்தைக்கூடத் தேர்வு வைக்காமல் கொடுக்க மாட்டோம். (என் கணவர் இதை அடிக்கடி சொல்லிக் காட்டுவார்.) வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் தாய் அப்படிக் கேட்பதில்லை. 'தம்பி சாப்டானா? ஆடு வந்துச்சா? யார் வந்தாங்க?' என்று கேட்பாள். உண்மையாகவே பதில் தெரியாத கேள்விகள் அவை. அந்தப் பிள்ளை அதற்குச் சரியாகப் பதில் சொல்லும்.

ஹீத்திடம் படித்த ஆசிரியர்கள் இதைத் தெரிந்துகொண்டு கேள்வியை மாற்றினார்கள். அந்த ஊரின் படங்களையே வகுப்பில் காட்டி, 'இங்கே என்ன நடக்குது?', 'இது போல வேற எங்கே பார்த்திருக்கே?' என்று தொடங்கினார்கள். பிள்ளைகள் பேசினார்கள். அதன் பிறகு பள்ளிக் கேள்வி எப்படி இருக்கும், அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்பதையும் வெளிப்படையாகவே சொல்லிக்கொடுத்தார்கள். இந்த இரண்டாம் பாதி முக்கியம், கருத்தாளர்கள் இதை விட்டுவிடாதீர்கள். வீட்டுப் பேச்சோடு நிறுத்திவிட்டால் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வில் நாம் துணை நிற்க முடியாது.

இனி தலைப்புக்கு வருகிறேன். மூன்றாவது பயிற்சிக்கு நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டோம். கண்டதும் கேட்டதும் இடப்பக்கம், நாம் நினைத்தது வலப்பக்கம். அவ்வளவுதான் விதி. சொல்வதற்கு எளிது, செய்து பார்த்தால் கை வலிக்கும். 'சோம்பேறி' எந்தப் பக்கம்? சோம்பேறித்தனத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. காலை 9.40க்கு மேசையில் தலை சாய்த்திருந்தான் என்பதைத்தான் பார்த்தோம். 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' எந்தப் பக்கம்? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரவில்லை என்பது இடப்பக்கம். அக்கறை வலப்பக்கம்.

ஓர் ஆசிரியர் வலப்பக்கத்தில் 'பொறுப்பில்லாத குடும்பங்கள்' என்று எழுதியிருந்தார். இடப்பக்கத்தில் அதற்கு ஆதாரம்: 'மாசி மாதத்தில் இருளர் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்தாற்போல நான்கு நாள் வரவில்லை.' எந்த நான்கு நாள் என்று கேட்டோம். வருகைப்பதிவேட்டைப் புரட்டினார். மாசி மகத்தை ஒட்டிய நாட்கள். அந்தப் பௌர்ணமிக்கு இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள்; மணலிலேயே தங்குவார்கள்; பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதும் கல்யாணம் பேசுவதும் முடிப்பதும் அங்கேதான். சொந்தபந்தம் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கும் நாள். அவர் நோட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பொங்கலுக்கு நமக்கு லீவு விடறாங்க, இவங்களுக்கு இது" என்றார். அடுத்த ஆண்டு அந்த வாரத்தில் அவர் அலகுத் தேர்வு வைக்கவில்லை. திரும்பி வந்த பிள்ளைகளைக் கடற்கரையில் பார்த்ததை எழுதச் சொன்னாராம். இரண்டு பக்கம் எழுதினான் ஒருவன், எழுத்துப் பிழைகளோடு.

வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளைப் பற்றியே பாதி நோட்டுகளில் எழுதியிருந்தது. 1972இல் சூசன் பிலிப்ஸ் எழுதிய ஒரு கட்டுரையை அதற்காக அவர்களுக்குச் சொன்னேன். ஆரிகன் மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் வாழும் அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளை அவர் வகுப்பிலும் வீட்டிலும் பார்த்தார். ஆசிரியர் பெயர் சொல்லி எழுப்பி, எல்லோர் முன்னிலும் பதில் சொல்லச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் பேசுவதில்லை. சிறு குழுவாக உட்கார வைத்தால் பேசினார்கள். ஆசிரியரின் மேசைக்குத் தனியாகப் போய்க் கேட்டார்கள். அவர்கள் வீட்டில் ஒரு வேலையைக் கற்கும் முறையே வேறு: முதலில் நெடுநாள் பார்ப்பது, பிறகு யாரும் இல்லாதபோது தனியாகச் செய்து பார்ப்பது, கை வந்த பிறகுதான் பிறர் முன் செய்வது. வகுப்பிலோ தப்பும் தவறுமாக 40 பேர் முன்னால் செய்து செய்துதான் கற்க வேண்டும் என்கிறோம். எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அது கற்றலாகத் தெரிவதில்லை, மானம் போவதாகத் தெரிகிறது.

இதைக் கேட்டதும், 'ஆக, இருளர் பிள்ளைகளும் அப்படித்தான்' என்று எழுதிக்கொள்ளத் தோன்றும். அதுவும் வலப்பக்கம்தான்! ஆரிகனில் கண்டதை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. உங்கள் வகுப்பில் அந்தக் குறிப்பிட்ட பிள்ளை யாரோடு, எந்த இடத்தில், எதைப் பற்றிப் பேசுகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். நான்காம் வகுப்பு டீச்சர் ஒருவர் பார்த்தார். வகுப்பில் ஊமையாக இருந்த சிறுமி, சத்துணவு வரிசையில் தம்பியை நிறுத்திவிட்டு, சமையலர் அக்காவிடம் முட்டைக் கணக்கு கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த டீச்சர் அவளை இருவர் குழுவில் போட்டு, பதிலை முதலில் தோழியிடம் சொல்லச் சொன்னார். மூன்றாவது வாரத்தில் குரல் வந்தது. மெல்லிய குரல்தான்.

நான்காவது பயிற்சி, வீட்டுக்குப் போவது. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். "நாங்க போகாத வீடா டீச்சர்? இடைநின்ற பிள்ளைகள் கணக்கெடுப்பு, எமிஸ், ஆதார், வங்கிக் கணக்கு…" உண்மைதான். நம் அளவுக்கு வீடு வீடாகப் போன தொழிலாளி இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கையில் படிவத்தோடு போனோம். படிவத்தோடு போகும்போது கேள்வி நம்முடையது. இந்த முறை மாணவராகப் போக வேண்டும். உங்களுக்குத் தெரியாத, அவர்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும்.

அரிசோனாவின் டூசான் நகரில் இதைச் செய்தார்கள். லூயிஸ் மோல், நோர்மா கொன்சாலஸ் போன்ற ஆய்வாளர்கள், பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குக் களப்பணி செய்யக் கற்றுக்கொடுத்து, மெக்சிகோவிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். 1992இல் அதைப் பற்றி எழுதினார்கள். கேத்தி அமாந்தி என்ற ஆசிரியர் போன வீட்டுப் பையன், மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த மிட்டாயை அக்கம்பக்கத்தில் விற்பவன் என்று தெரிந்தது. அதை வைத்து வகுப்பில் மிட்டாய் பற்றியே ஒரு பாட அலகு உருவானது: என்னென்ன சேர்கிறது, எப்படித் தயாராகிறது, எப்படி விற்கிறார்கள். ஒரு தாய் வகுப்புக்கே வந்து மிட்டாய் செய்து காட்டினார். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதியது ஆசிரியர்தான். ஆய்வாளர் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்து அவர் வகுப்பில் ஒப்பிக்கவில்லை.

எங்கள் குழுவில் பழவேற்காட்டு ஏரிக்கரையில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் இருந்தார். அவர் இரண்டு வீடுகளுக்குப் போனார்.

முதல் வீடு மீனவர் வீடு. ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊருக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் எல்லோருக்கும் சுற்றி வரும். பல தலைமுறையாக நடக்கும் ஏற்பாடு. ஆய்வாளர்கள் வந்து எழுதியிருக்கிறார்கள். அதை வைத்து டீச்சர் ஐந்தாம் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டார். 12 குழு, ஒரு நாளைக்கு மூன்று குழு, இன்று உன் அப்பா முறை என்றால் அடுத்த முறை என்றைக்கு? வகுத்தலில் தடுமாறும் பையன் பட்டென்று சொன்னான்: "நாலு நாள் கழிச்சு டீச்சர். ஆனா ஊர்ல சாவு விழுந்தா அன்னைக்கு யாரும் போக மாட்டாங்க. அப்ப ஒரு நாள் தள்ளும்." பாடநூல் கணக்கில் சாவு விழாது. இந்தக் கணக்கில் விழும்.

இரண்டாவது, இருளர் வீடு. அந்த வீட்டு அம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர். வலையும் இல்லை, படகும் இல்லை. சேற்றில் கால் வைத்த குழியில் இறால் வந்து ஒதுங்கும் என்பதையும், எந்தத் தண்ணீரில் எது கிடைக்கும் என்பதையும் டீச்சருக்குச் சொன்னார். "நீங்களும் வாங்க டீச்சரம்மா, எறங்கிப் பாருங்க" என்றாராம். டீச்சர் முழங்கால் வரை இறங்கினார். இறால் கிடைக்கவில்லை. அந்த வீட்டுச் சிறுமிக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

மறுவாரம் வகுப்பில் இரண்டையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் கணக்குப் பையன் சொன்னான்: "அவங்களுக்குப் பாடு கிடையாது டீச்சர்." வகுப்பு அமைதியானது. சிறுமி குனிந்தபடியே சொன்னாள்: "கையில புடிக்கறதுக்கு யாரு மொறை வெக்க முடியும்?"

இந்த இடத்தில் எங்கள் குழுவில் வாக்குவாதம் வந்தது. இதைத் தொடக் கூடாது, ஊர் வழக்கு, வினையாகும் என்றார்கள் சிலர். இருவர் வீட்டு அறிவையும் பாராட்டி, கைதட்டி முடித்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல்பண்பாட்டுக் கல்வி என்றால் ஆண்டு விழாவில் ஆளுக்கொரு உடை போட்டு வரிசையாக மேடை ஏறுவது என்று நினைத்துவிட்டால் கைதட்டல் போதும். வீட்டு அறிவை வகுப்புக்குள் அழைத்தால், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள மேடு பள்ளமும் கூடவே உள்ளே வரும். பாடு ஒரு நேர்மையான பங்கீடு. அதன் எல்லைக் கோட்டுக்கு வெளியே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

அந்த டீச்சர் தீர்ப்புச் சொல்லவில்லை. "வீட்டுல கேட்டுட்டு வாங்க. பாடு எப்ப வந்தது, யார் வெச்சது, யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை" என்று இரண்டு தரப்புக்கும் ஒரே கேள்வியைக் கொடுத்து அனுப்பினார். இரண்டு நாள் கழித்து ஒரு தந்தை பள்ளிக்கு வந்தார். "பாடு விஷயம் ஊர் விஷயம் டீச்சர். பசங்க வாயில ஏன்?" டீச்சர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "எனக்கே முழுசாத் தெரியாதுங்க. நீங்களே பசங்களுக்குச் சொல்லுங்களேன்" என்றார். அவர் வகுப்புக்குள் வந்து அரை மணி நேரம் பேசினார். முறை இல்லாத காலத்தில் வலைக்கு வலை அடிதடி வந்ததாகப் பெரியவர்கள் சொல்வதையும், முறை வந்த பிறகு ஏழைக்கும் நல்ல இடம் கிடைப்பதையும் அழகாகச் சொன்னாராம். கடைசியில் ஒரு பிள்ளை, அந்தச் சிறுமி இல்லை, வேறொரு பிள்ளை, "அப்ப இவங்க வீட்டுக்கு?" என்று கேட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது அந்தக் காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்றார். சிறுமி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். டீச்சரின் நோட்டிலும் அது இடப்பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சிறுமி இப்போது ஆறாம் வகுப்பில் தொடர்கிறாள். அந்தக் குடியிருப்பில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைகள்தான் அதிகம்.

செங்கற்சூளைப் பக்கம் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியருக்கு வேறு விதமான சிக்கல். ஒடிசாப் பையன் ஒருவன் காயப் போட்ட கல்லை வரிசை வரிசையாக எண்ணி, ஆயிரம் எப்போது நிறையும் என்று வாயாலேயே சொல்லிவிடுவான். பெருக்கல் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு உண்டா என்று ஆசிரியருக்கு உற்சாகம். அவருடைய நோட்டின் இடப்பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது: 'விரல் நுனிகளில் தோல் வெடித்திருக்கிறது.' அங்கே குடும்பமே முன்பணம் வாங்கிக்கொண்டு வருகிறது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் பையன் எண்ணக் கற்றது கடன் அடைக்கும் வேலையில். அந்த அறிவைப் பாடமாக்கிப் பூரித்துப்போனால், அவன் கையில் இருக்கும் வெடிப்பையும் சேர்த்து வாழ்த்தியதாக ஆகிவிடும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்தாயிற்று. பிள்ளை வேலை செய்கிறது, குடும்பம் வெளியே போக முடியாமல் கிடக்கிறது என்று தெரிந்தால் அது பாட அலகுக்கான பொருள் இல்லை. 1098க்கும் கோட்டாட்சியருக்கும் போக வேண்டிய செய்தி. இதைப் பயிற்சியில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஆசிரியர் தலைமையாசிரியர் வழியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார். வகுப்பிலும் ஒரு வேலை செய்தார். அந்தப் பிள்ளைகளிடமே 20 ஒடியாச் சொற்கள் கற்றுக்கொண்டார். பாணி என்றால் தண்ணீர், பாத என்றால் சோறு, கர என்றால் வீடு. அவர் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் திருத்தினார்கள். யாராவது தங்களிடம் கற்க வந்தால் பிள்ளைகளின் முதுகு எப்படி நிமிர்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

நோட்டைப் பற்றி ஒரு கண்டிப்பு. அதில் பிள்ளையின் பெயர் இருக்கக் கூடாது. ஓர் எழுத்து போதும். வீட்டில் எடுத்த படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது. நோட்டு ஆய்வு அலுவலரின் மேசைக்கும் போகக் கூடாது. அளந்து எழுதிப் பதிவேட்டில் ஏற்றிய கதையை முதலிலேயே சொன்னேன் அல்லவா? நம் நோட்டு இன்னொரு பதிவேடாகிவிட்டால், படிவத்தோடு போவதே மேல். பயிற்சியின் முடிவில் 'ஒவ்வொரு ஆசிரியரும் ஐந்து வீட்டுக் குறிப்புகளைச் சமர்ப்பிக்க வேண்டும்' என்று யாராவது சுற்றறிக்கை தயாரித்தால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அன்றே எல்லோரும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஐந்து வீடுகளைக் கற்பனையில் பார்த்து முடித்துவிடுவார்கள். நமக்குத் தெரியாதா!

நேரம் பற்றிய புகார் வரும். வரட்டும், அது உண்மையான புகார். ஹீத்தின் நூலுக்கு ஒரு பின்னுரை உண்டு. அந்த ஆசிரியர்கள் அத்தனை பாடுபட்டுக் கட்டிய முறைகள் சில ஆண்டுகளிலேயே வகுப்பறைகளிலிருந்து பெரும்பாலும் மறைந்துபோனதை அதில் அவரே எழுதுகிறார். தேர்வுகளும் மேலிருந்து வரும் திட்டங்களும் பெருகியபோது, உட்கார்ந்து பார்த்து எழுத ஆசிரியருக்கு நேரமும் இல்லை, உரிமையும் இல்லை. கரோலினாவில் போனது இங்கே போகாது என்று நான் எப்படிச் சொல்வது? நாங்கள் செய்தது சிறியது. குறுவள மையக் கூட்டத்தில் முதல் 30 நிமிடத்தை நோட்டு வாசிப்புக்கு என்று கேட்டு வாங்கினோம். வட்டாரக் கல்வி அலுவலர் ஒப்புக்கொண்டார். கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, குழந்தையின் அறிவின்மீது கட்டியெழுப்ப வேண்டும், அச்சமின்றிக் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கையில் வைத்திருந்தோம், கேட்டால் காட்டலாம் என்று. கேட்கவில்லை.

உங்கள் ஒன்றியத்தில் நான்கு சனிக்கிழமை கிடைக்காமல் இரண்டுதான் கிடைத்தால், வீட்டுக்குப் போவதை வைத்துக்கொள்ளுங்கள், நடுக்கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பேசிக்கொண்டே சொல்லிவிடலாம். ஹீத், பிலிப்ஸ், மோல் பெயர்களை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இப்போது மணி 12.10. உணவு இடைவேளைக்கு 50 நிமிடம் இருக்கிறது. ஆளுக்கொரு நோட்டு மேசையில் இருக்கிறது. எதிர்க்கட்டடத்தில் தொடக்கப்பள்ளி நடந்துகொண்டிருக்கிறது. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கியாயிற்று. இருவர் இருவராகப் போங்கள், பின்வரிசையில் தரையில் உட்காருங்கள், 20 நிமிடம். பிள்ளைகளிடம் 'நல்லா படிக்கிறியா' என்று மட்டும் கேட்காதீர்கள். திரும்பி வந்ததும் இடப்பக்கத்தை மட்டும் வாசிப்போம்.